அம்மா இருந்த ஐசியூ: 11 நாள் அனுபவம்

சிறுநீர்த் தொற்று முற்றி, குளிரில் உதறிக்கொண்டிருந்த அம்மாவை இங்கே கொண்டுவந்தபோது பிரஷர் 70/40. கை மட்டும் கதகதவென்று இருந்தது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் கல்ச்சருக்கு எடுத்து ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள். 50 கிலோ உடம்புக்கு ஒன்றரை லிட்டர் சலைன். அப்படியும் பிரஷர் ஏறாததால் நார்அட்ரினலின் பம்ப் வைத்தார்கள். சராசரி பிரஷர் 65க்குக் கீழே போகாமல் ராத்திரி முழுக்க சிஸ்டர் அந்தப் பம்பைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினும் கூடுதல். ஹார்ட் அட்டாக்தான் என்று எங்களுக்கு உயிரே போய்விட்டது. இதய நோயாளியான மாமா, சட்டைப்பையில் இருந்த சார்பிட்ரேட்டை எடுத்து, "நாக்குக்கு அடியில ஒண்ணு வைக்கச் சொல்லுங்க, குழாய் விரியும்" என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. கேஸ் ஷீட்டின் பின்பக்கம் இதயத்தை வரைந்தார். "தம்பி, செப்டிக் ஷாக்குல, அதாவது தொற்று முத்தி பிரஷர் விழுந்துடுற இந்த நிலையில, இதயத்தோட ரத்தக்குழாய் பொதுவா ஏற்கெனவே விரிஞ்சுதான் இருக்கும். ரத்தமும் போதுமான அளவு போகும், 1980கள்லயே அளந்து பாத்திருக்காங்க. கிருமியை எதிர்த்து உடம்பு சுரக்கிற பொருளெல்லாம் தசையைத்தான் சோர வைக்குது. இதயம் தளர்ற நேரத்துல இருக்கிற பிரஷர்தான் அந்தக் குழாய்க்குள்ள ரத்தத்தைத் தள்ளுது. இப்ப இந்த மாத்திரையைக் கொடுத்தா அந்தப் பிரஷரும் விழுந்துடும்."

சர்க்கரை இருப்பதால் அடைப்பை அடியோடு மறுக்க முடியாது என்றும் சொன்னார். ஆனால் ஒரு பக்கச் சுவர் மட்டும் அசையாமல் இல்லை, மொத்த இதயமும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கிறது, ஈசிஜியிலும் அட்டாக்கின் அடையாளம் இல்லை, அதனால் ஆஞ்சியோவுக்கு அவசரமில்லை என்றார். பிழைத்து வருபவர்களுக்கு பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் பம்பிங் திரும்பிவிடுமாம். மாமா மாத்திரையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் நார்அட்ரினலினை நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் எக்கோவில் 55. அந்தத் தாளை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

குறை என்றால் மருந்துக்கடைதான். ராத்திரி 2 மணிக்குச் சீட்டைக் கொடுத்து, முழுப் பணமும் கட்டினால்தான் நார்அட்ரினலின் தருவோம் என்றார்கள். பம்பில் மருந்து தீர்ந்துகொண்டிருக்கும்போது கவுன்டரில் நிற்க வைப்பது கொடுமை. சிஸ்டர் வார்டு ஸ்டாக்கிலிருந்து போட்டதால் சமாளித்தோம். அதற்காக ஒரு ஸ்டார் குறைக்கிறேன். ஐசியூவுக்கு மட்டும் கேட்டால் அஞ்சுக்கு அஞ்சு.