விலையையும் முகவரியையும் மறைத்து விற்பவர்களிடம் பட்டுச் சேலை வாங்காதீர்கள்

இன்ஸ்டாகிராமில் காஞ்சிபுரம் பட்டு விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கணக்கு, என் அக்கா மகளின் வளைகாப்புக்காக நான் வாங்கிய சேலையில் 9,800 ரூபாயை ஏமாற்றிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கவிருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு இதே முறையில் விற்பவர்கள் பலர் இருப்பதால், அந்த முறையை விளக்குவதே கூடுதல் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

எந்தச் சேலைக்கும் அங்கே விலை போடப்பட்டிருக்காது. "விலைக்கு டிஎம் செய்யவும்" என்று மட்டுமே இருக்கும். அப்படித் தனிச்செய்தியில் கேட்டவுடன் அன்பாக, "அக்கா" என்று விளித்துப் பதில் வரும். பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவும் சேலையின் மறுபக்கப் படமும் கேட்டபோது, வேறொரு வாடிக்கையாளர் அதே சேலைக்குக் காத்திருப்பதாகவும், உடனே பணம் அனுப்பினால்தான் எடுத்துவைக்க முடியும் என்றும் சொன்னார்கள். கடையின் பெயருக்கும் யுபிஐ திரையில் வந்த பெயருக்கும் தொடர்பே இல்லை. கேட்டதற்கு, கணக்கு உறவினர் பெயரில் இருப்பதாகப் பதில் வந்தது. பில் பார்சலுடன் வரும் என்றார்கள், வரவில்லை.

உடலும் பார்டரும் தனித்தனி ஊடை (குறுக்கே ஓடும்) நூல்களால் நெய்து இணைக்கப்படும் கோர்வைச் சேலை என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். வந்த சேலையைத் திருப்பிப் பார்த்தால், உடலின் மஞ்சள் ஊடையே பார்டருக்குள்ளும் ஓடி, அரக்கு நிறத்தை மங்கலாக்கியிருந்தது. அது கோர்வையே அல்ல. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்தினேன். பட்டு நூலாக இருந்தால் முடி கருகும் வாடை வந்து, எஞ்சும் கரி விரலில் நொறுங்கும். இது உருகிக் கெட்டியான மணியாக உறைந்தது. பாலியெஸ்டரின் இயல்பு அது.

பார்சலைப் பிரிக்கும்போதே எடுத்த வீடியோவை அனுப்பினேன், ஏனென்றால் அது இல்லாமல் எந்தப் புகாரும் ஏற்கப்படாது என்பது அவர்களே விதித்திருந்த நிபந்தனை. அதைப் பெற்றுக்கொண்ட பிறகு, கிழிசலுக்கு மட்டுமே அந்த நிபந்தனை பொருந்தும், நிறமும் நூலும் "கேமரா வெளிச்சத்தால் மாறித் தெரியும்" என்றார்கள். நூலின் தன்மையை எந்த வெளிச்சம் மாற்றும் என்று கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். பதிவுகளின் கீழே கருத்து எழுதும் வசதி ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்ததால், அடுத்து வாங்க வருபவர்களை எச்சரிக்கவும் வழியில்லை. கூரியர் உறையில் இருந்த முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், அப்படி ஒருவர் அங்கே இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது.

சிறு வியாபாரம்தானே, ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது இப்படித்தான் இருக்கும் என்று சிலர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. சின்னாளப்பட்டியிலிருந்து தனியொருவராகச் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்மணியிடம் நான் தொடர்ந்து வாங்கி வருகிறேன். ஒவ்வொரு படத்திலும் விலை இருக்கும்; சாயம் முதல் சலவையில் சிறிது போகும் என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்; அழைப்புகளை எடுக்கும் நேரம் கணக்கின் முகப்பிலேயே இருக்கும்; கையால் எழுதிய பில்லின் படம் பணம் கிடைத்த அன்றே வந்துவிடும். இவற்றில் எதற்கும் அவருக்குத் தனிச் செலவு இல்லை. வாடிக்கையாளர் கேள்வி கேட்பதற்கும் திரும்ப வருவதற்குமான வழிகளை ஒருவர் ஒவ்வொன்றாக அடைத்து வைத்திருந்தால், ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

"ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதி வைத்துவிட்டால் சட்டம் தங்களைத் தொடாது என்று இவர்கள் நடந்துகொள்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் விற்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். விற்றவரின் ஊருக்கு நாம் அலைய வேண்டியதில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், இணையம் வழியாகவும் புகார் அளிக்கலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் நான் முதலில் பதிவு செய்தேன். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் இல்லாமல் எந்தப் புகாரும் நகராது என்பதால், இப்போது யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு பணம் சென்ற கணக்கின் உரிமையாளரை அறிய வங்கிக்கு எழுதியிருக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் உரையாடல் முழுவதையும், விற்பனைப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டையும், கூரியர் உறையையும் இன்றே பத்திரப்படுத்துங்கள்; எனக்கு விற்ற சேலையின் பதிவை அவர்கள் அடுத்த நாளே நீக்கிவிட்டார்கள்.