குரக்கன் மா என்று கோதுமை மா தந்தார்கள்: 18,500 ரூபா போச்சு, கவனம்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘பாரம்பரிய உணவு’ விற்கிற ஒரு முகநூல் பக்கம் எங்களிடம் 18,500 ரூபா சுருட்டிவிட்டது. பெயர் போடவில்லை. போட்டால் மானநட்ட வழக்கு அது இது என்று வெருட்டுவார்கள். எப்படித் தப்பலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளிநொச்சியில்தான் கிளினிக். பாண், பிஸ்கற், கோதுமை மாப் பிட்டு எல்லாவற்றையும் குறைத்து, தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், பயறு என்று முழுத் தானியமாகச் சாப்பிடச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அரிசியைத் தீட்டினால் தவிடும் முளையும் போகும், நார்ச்சத்தும் பி விற்றமினும் அதோடு போகும். மிஞ்சுகிற மாச்சத்து கெதியாக இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. இரணைமடுப் பக்கத்து வயல், சுளகில் நெல் புடைக்கிற ஒரு ஆச்சி, மண்சட்டியில் கூழ் என்று ஒரே படங்கள். விலை கேட்டேன். எழுத்தில் பதில் வரவில்லை, ஒரு பெடியனின் குரல் பதிவு வந்தது. பின்னால் மில் ஓடுகிற சத்தம். “அக்கா, நாங்களும் வன்னிதான். என்ர அம்மாவும் சீனி வருத்தக்காரி. அவவுக்குக் குடுக்கிறதைத்தான் உங்களுக்கும் தாறன்.” இதை அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். “பாவம், நல்ல பிள்ளை போல கிடக்கு, எடு” என்றா. சாமான் வந்த பிறகு காசு தரலாமா என்று கேட்டதற்கு, “புதுசா அரைக்கிற சாமான் அக்கா, முதல் காசு போட்டாத்தான் மில்லுக்குக் குடுக்கலாம்” என்றான். போட்டேன். 18,500 ரூபா. சிவப்பரிசி, குரக்கன் மா, சத்துமா, பனங்கட்டி.

குரியரில் பார்சல் வந்தது. அரிசியைக் களைந்தால் மூன்றாம் தண்ணியோடு சிவப்பு முழுக்கப் போய்விட்டது. உண்மையான சிவப்பரிசியும் தண்ணியைக் கொஞ்சம் நிறமாக்கும், ஆனால் மணி சிவப்பாகவே இருக்கும். இது வெள்ளை வெளேரென்று கிடந்தது. ரொட்டிக்குக் குரக்கன் மாவைக் குழைத்த அம்மா கையை நிறுத்திவிட்டா. மா ரப்பர் மாதிரி இழுபட்டது. குரக்கன் இழுபடாது, உதிரும். இழுபடுகிற பசைத்தன்மை கோதுமை மாவில்தான் இருக்கு. “இது வெள்ளை மாதான் பிள்ளை, நிறம் போட்டிருக்கிறாங்கள்” என்றா.

சத்துமாவை அதற்குள் அம்மா காலையில் கரைத்துக் குடிக்கத் தொடங்கியிருந்தா. ‘சீனி சேர்க்கப்படாதது’ என்று பெரிதாக ஸ்டிக்கர். நகத்தால் கிளப்பினால் கீழே இன்னொரு ஸ்டிக்கர்: கோதுமை மா, மோல்டோடெக்ஸ்ட்ரின், வாசனையூட்டி. மோல்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாச்சத்தை உடைத்துச் செய்கிற தூள். சீனி என்ற பெயரில் வராது, ஆனால் இரத்தத்தில் சீனியை ஏற்றுவதில் சீனிக்குக் குறைந்ததில்லை. வெறும் வயிற்றில் 130க்குக் கிட்ட நின்ற அம்மாவின் சீனி 190க்குப் போனது வேறெதால்?

இனித்தான் நாடகம். படம் எடுத்து அனுப்பினேன். “புதுக் குரக்கன் அப்பிடித்தான் அக்கா இழுபடும்.” ஸ்டிக்கரைக் காட்டினேன். “அது பழைய பைக்கற் அக்கா, உள்ளுக்க சாமான் புதுசு.” காசைத் தா என்றேன். “உடைச்ச பைக்கற் திருப்பி எடுக்கிறேல்ல, மனேஜர் கதைப்பார்.” அந்த மனேஜர் கதைத்த கதை இருக்கே! “உங்கட அம்மா வாயைக் கட்டாம எங்களைக் குறை சொல்லாதேங்கோ” என்றார். குரல் அதே பெடியன்ர குரல்தான், கொஞ்சம் தடிப்பாக்கிக் கதைத்தான். பிறகு என்னை புளொக் பண்ணிவிட்டான். பக்கத்தில் நான் போட்ட கருத்தும் காணாமல் போய்விட்டது. அந்த ஆச்சி படம் மட்டும் இப்பவும் கிடக்கு.

18,500 ரூபா! சந்தையில் கண்முன்னே அளந்து வாங்கியிருந்தால் எத்தனை மாதத்துக்குக் குரக்கனும் பயறும் வந்திருக்கும்!

சரி, சொல்ல நினைத்தது நிறைய, இப்போதைக்கு இவ்வளவுதான். மாவாக வாங்காதீர்கள். மணியாக வாங்கி, கல் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து, மில்லில் பக்கத்தில் நின்று அரைப்பியுங்கள். மணியில் கலப்படம் பார்க்கும்போதோ கழுவும்போதோ தெரியும், மாவில் தெரியாது. பைக்கற்றில் சேர்மானப் பட்டியலில் முதலாவதாக எழுதியிருப்பதுதான் உள்ளே கூடுதலாக இருப்பது, அதை வாசியுங்கள். ஸ்டிக்கருக்கு மேல் ஸ்டிக்கர் என்றால் தொடவே வேண்டாம். முதலே காசு போடாதீர்கள். ஏமாந்தால் பைக்கற்றையும் வங்கித் துண்டையும் எறியாமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். உங்கள் பகுதி பி.எச்.ஐயிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லலாம். நான் இரண்டு இடத்துக்கும் சொல்லியாச்சு. இதே குரல் பதிவு வேறு யாருக்கும் வந்திருந்தால் கீழே போடுங்கள், சேர்த்துக் கொடுக்கலாம்.