தாலி கட்டும் ஷாட்டும் தோஸ்காவும்

கும்பகோணத்தில் 22 வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்து வருகிறேன். கதை முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேல்நாட்டு நாடகமான ஆபரா, நம்ம பக்கமே வராத சமாச்சாரம். சென்னையில் ஒலிப்பதிவு வேலை செய்யும் நண்பர்தான், "முகூர்த்தம் எடுக்கிற ஆளு நீங்க, இதைக் கட்டாயம் பாக்கணும்" என்று பிடிவாதமாகச் சொன்னார். பழைய டிவிடி விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் வாங்கினேன். முதலில் வந்த பெட்டி உடைந்திருந்தது, வட்டு முழுக்கக் கீறல். மாற்றி வாங்க மூன்று வாரம் ஆனது. அது கிடக்கட்டும்.

படம், இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ஆபரா 'தோஸ்கா'. 1992இல் ரோமில் எடுத்தது. கதை நடப்பது 1800 ஜூனில், அந்த ஊரின் மூன்று இடங்களில்: சான்ட் ஆந்த்ரேயா தெல்லா வால்லே தேவாலயம், பர்னேசே மாளிகை, சான்ட் ஆஞ்சலோ கோட்டை. மூன்றும் இன்றும் அப்படியே நிற்கின்றன. அந்தந்த இடத்திலேயே, கதை சொல்கிற அந்தந்த வேளையிலேயே, நேரலையாக டிவியில் காட்டிவிடுவது என்று ஆந்த்ரேயா ஆண்டர்மன் என்ற தயாரிப்பாளர் கிளம்பிவிட்டார். ஜூலை 11 நண்பகலில் முதல் அங்கம். அன்று இரவு இரண்டாவது. மறுநாள் விடியற்காலை மூன்றாவது. 107 நாடுகளுக்கு ஒளிபரப்பு. ரீடேக் கிடையாது.

ரீடேக் இல்லாத வேலை என்னவென்று எனக்குத் தெரியும். தாலி கட்டும் நொடியில் மாப்பிள்ளையின் பெரியப்பா அட்சதையோடு குறுக்கே வந்து நின்றால், அந்த ஷாட் போனது போனதுதான். பிறகு ஆல்பத்தில் பெரியப்பாவின் முதுகுதான் இருக்கும்.

ஆனால் இவர்கள் செய்தது அதைவிடப் பெரிய வம்பு. பாடுகிறவர்கள் தேவாலயத்திலும் கோட்டையிலும். ஆர்கெஸ்ட்ராவும் அதை நடத்துகிற ஜுபின் மேத்தாவும் ரோமிலேயே வேறொரு அரங்கில். கேமராவுக்குத் தெரியாமல் வைத்த மானிட்டரில் மேத்தாவின் கையைப் பார்த்துப் பாட வேண்டும். நம்ம ஊரில் ஐயர் விரலை ஆட்டுவார், தவில்காரர் அதைப் பார்த்துக் கெட்டிமேளம் அடிப்பார். மண்டபத்துக்குள்ளேயே சில நாள் அது ஒரு நொடி தப்பும். மேளக்காரர்களை அடுத்த தெருவில் உட்கார வைத்து டிவியைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் உன்னிப்பாகக் கவனித்தேன். எங்கேயும் தப்பியதாக எனக்குத் தெரியவில்லை.

முதல் அங்கம் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. இடம் பிரமாதம்தான், ஆனால் அந்த உயரமான கூரைக்குக் கீழே ஆட்கள் சின்னதாகிவிடுகிறார்கள். நாயகி தோஸ்காவின் காதலனாகப் பாடும் பிளாசிடோ டொமிங்கோ தூண் ஓரத்தில் தள்ளி நிற்கிறார், குரல் மட்டும் காதருகே கேட்கிறது. மைக் உடம்பிலே, கேமரா தொலைவிலே. இந்தப் பொருத்தமின்மை கொஞ்ச நேரம் உறுத்தியது. கடைசியில் ஊர்வலமும் மணியும் பீரங்கியும் கூட்டமும் சேர்ந்து வரும்போதுதான் அந்த இடம் அந்த இசைக்குச் சமமாக நின்றது.

இரண்டாவது அங்கத்தை மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டேன். போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியா இரவுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். ருஜ்ஜேரோ ரைமோந்தி அதை அலட்டாமல் செய்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது. பக்கத்து அறையில் தோஸ்காவின் காதலனைச் சித்திரவதை செய்கிறார்கள். அவனை விடுவிக்க ஸ்கார்ப்பியா கேட்கிற விலை தோஸ்காவையே. அவன் அனுமதிச் சீட்டு எழுதும் நேரத்தில் அவள் மேஜையிலிருந்த கத்தியை எடுக்கிறாள். கேத்தரின் மால்ஃபிடானோ அந்தக் கத்தியைப் பார்க்கும் பார்வைக்கே காசு தகும். குத்திய பிறகு ஓடிவிடுவாள் என்று பார்த்தால், ஓடவில்லை. இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்து வந்து பிணத்தின் இரண்டு பக்கமும் வைக்கிறாள். மார்பில் ஒரு சிலுவையை வைக்கிறாள். அப்புறம்தான் கிளம்புகிறாள்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்த என் மனைவி கையை நிறுத்திவிட்டாள். "என்னங்க இது, கொன்னுட்டுத் தலைமாட்டுல விளக்கு வேற வைக்கிறா?" என்றாள். அதுவரை சப்டைட்டிலை நான்தான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

நண்பர் என்னைப் பார்க்கச் சொன்ன காரணம் மூன்றாவது அங்கத்தில் இருக்கிறது. விடியல் முகூர்த்தம் எடுத்தவர்களுக்குத் தெரியும், வானம் நீலமாக நிற்பது கொஞ்ச நேரம்தான். ஐந்து நிமிஷம் தாமதித்தால் முகமெல்லாம் வெளுத்துவிடும். இங்கே கோட்டை மாடியில் ஒரு பையன் பாட்டு கேட்கிறது, ஊரெங்கும் கோயில் மணிகள் ஒவ்வொன்றாக அடிக்கின்றன. அந்த மணிகள் என்னென்ன சுருதியில் ஒலிக்கின்றன என்று புச்சினி விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதினாராம். டொமிங்கோ கடிதம் எழுத உட்கார்ந்து பாடத் தொடங்குகிறார். பாட்டு நகர நகர வெளிச்சமும் நகர்கிறது. மேடையில் என்றால் ஒருவர் டிம்மரைத் திருகுவார். இங்கே திருகுவது சூரியன். ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ, மூன்று ஆஸ்கர் வாங்கியவர். அவரும் அந்த அரை மணி நேரத்துக்குச் சூரியனிடம்தான் கைகட்டி நின்றிருக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. டிவிக்காக 1992இல் எடுத்தது, பெரிய திரையில் போட்டால் படம் மங்கல். இருட்டான இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. தமிழ் சப்டைட்டிலுக்கு வழியில்லை, ஆங்கிலம்தான்.

டிவிக்காக இதை இயக்கிய பிரையன் லார்ஜ், அதே 1992 ஜனவரி 1 அன்று வியன்னாவில் கார்லோஸ் க்ளைபர் நடத்திய புத்தாண்டுக் கச்சேரியையும் படமாக்கியிருக்கிறார். நண்பர் அந்த வட்டையும் கொடுத்தனுப்பினார். 1870இல் திறந்த பொன் அரங்கம், எங்கும் தங்க நிறம், எங்கும் பூ. 'நீல டான்யூப்' என்ற வால்ட்ஸ் நடன இசை தொடங்கியதும் கூட்டம் கைதட்டி நிறுத்த, எல்லோரும் சேர்ந்து புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். க்ளைபரின் இடதுகை மட்டும் தனியாக நாட்டியம் ஆடுகிறது. சந்தோஷமான ஒன்றரை மணி நேரம். ஆனால் தொழில்காரன் கண்ணுக்கு அது ரிசப்ஷன்; கேமராக்களும் விளக்கும் முன்கூட்டியே சரியாக நிற்கும். தோஸ்காதான் முகூர்த்தம்.

முதல் தடவை பார்ப்பவர்கள் இரண்டாவது அங்கத்தில் தொடங்கினாலும் பரவாயில்லை. கதையை ஒரு பக்கம் படித்துவிட்டு உட்காருங்கள், இரவில், விளக்கை அணைத்துவிட்டு.

முடிவில் தோஸ்கா கோட்டை மதிலிலிருந்து குதிக்கிறாள். "ஆத்துலயா விழுந்தா?" என்று மனைவி கேட்டாள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். டைபர் ஆறு தள்ளித்தான் ஓடுகிறது, குதித்தால் எட்டாது. "ஆறு வரைக்கும் போகாதும்மா" என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.