புட்டத் தசை வலிக்கு ஒரு ரப்பர் பந்து: வருடக்கணக்கில் பயன்படுத்தியதில்

புட்டத்தில் முடிச்சுப் போல இறுகிப்போன இடங்களை அழுத்திவிட லக்ராஸ் என்ற விளையாட்டின் ரப்பர் பந்தை வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். வருடக்கணக்கில் அதன் மேல் புரண்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

பொருளில் குறை இல்லை. கெட்டி ரப்பர், டென்னிஸ் பந்தைவிடச் சற்றே சிறியது, இரண்டு மடங்குக்கு மேல் கனம். இன்றுவரை நசுங்கவில்லை, வெடிக்கவில்லை.

எனக்கு வலி இருந்தது காலில். தொடையின் வெளிப்பக்கமாக இறங்கிக் கணுக்கால் வரை இழுக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பின் வலி என்றார்கள். பிசியோதெரபிஸ்ட் மட்டும் இடுப்பின் பக்கவாட்டில் ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். கணுக்காலில் சுளீர் என்றது! மூன்று புட்டத் தசைகளில் சின்னதான குளூட்டியஸ் மினிமஸ், மற்ற இரண்டுக்கும் அடியில் இருந்துகொண்டு காலுக்கு வலியை அனுப்புமாம். அமெரிக்க அதிபர் கென்னடியின் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல், டேவிட் சைமன்ஸ் என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து இந்த வலிப் பாதைகளை எல்லாம் படமாகவே போட்டு வைத்திருக்கிறார். தசையில் இறுகிய முடிச்சு வேறிடத்துக்கு வலியை அனுப்பும் என்கிற இந்த ட்ரிகர் பாயின்ட் கோட்பாட்டை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. ஒரே ஆளை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் முடிச்சு இருக்கும் இடம் பற்றியே ஒத்துப்போவதில்லை என்பது அவர்கள் வாதம், நியாயமான வாதம்தான். ஆனாலும் பந்தை அந்த இடத்தில் வைத்துச் சாய்ந்தால் அரை நிமிடத்தில் கால் இழுப்பு அடங்குகிறது. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். இந்தப் பந்து ஓரிடத்தில் நிற்காது. தரையில் வைத்து, ஒருக்களித்துப் படுத்து, சரியான புள்ளியைத் தேடிப் பிடித்து, வலியில் பல்லைக் கடிக்கும் நேரம் பார்த்து வழுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். குனிய முடியாத ஆள்தான் இதை வாங்குகிறான், குனிந்து தேடவும் அவனே வேண்டும். சுவரில் வைத்துச் சாய்ந்தால் வழவழப்பான பெயின்ட்டில் இறங்கிப்போகும். நீளமான சாக்ஸுக்குள் போட்டு, மேல்முனையைத் தோள் வழியாகப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வது கொஞ்சம் பரவாயில்லை. பக்கவாட்டுக்கு அது உதவாது, அங்கே தோளிலிருந்து சாக்ஸ் சரியாகத் தொங்குவதில்லை. எனக்கு வேண்டியதோ பக்கவாட்டுதான்.

நிவாரணமும் நிலைப்பதில்லை. அடுத்த நீண்ட உட்காரல் வரைதான். வலி வரும் இடைவெளியை நீட்டியது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் அந்தச் சலிப்பூட்டும் பயிற்சியும், பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்ததும்தான். பெயர் மட்டும் பந்துக்கு.

ஒன்று முக்கியம். புட்டத்தின் நடுவில் பிரிஃபார்மிஸ் தசைக்கு அடியில் சயாட்டிக் நரம்பு போகிறது. அழுத்தும்போது மின்சாரம் பாய்வது போல இருந்தால் உடனே பந்தை நகர்த்துங்கள். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ பந்தெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, தீர்ப்பு. என் காலைக் காப்பாற்றிய பொருள், வாங்காதீர்கள். பழைய டென்னிஸ் பந்தில் தொடங்குங்கள், அது மெத்தென்று இருக்கும், இவ்வளவு வழுக்காது. இதுதான் வேண்டும் என்றால் என்னுடையது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.