முதலில் சுட்டது யார்? ஒரு வரலாற்றுப் பாடத் தொகுப்பைப் பற்றி

வரலாற்று ஆசிரியர்களுக்கென்று இணையத்தில் குவிந்து கிடப்பவை பெரும்பாலும் வண்ணப் படங்கள், வினாடி வினாக்கள், வெட்டி ஒட்டும் வேலைகள். வகுப்பு கலகலப்பாக இருக்கும். மறுவாரம் கேட்டால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. 'ரீடிங் லைக் எ ஹிஸ்டாரியன்' (வரலாற்றாசிரியரைப் போல வாசித்தல்) பாடத் தொகுப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் சாம் வைன்பர்க் தொடங்கிய குழு உருவாக்கியது இது. அந்தக் குழு இப்போது டிஜிட்டல் இன்குவைரி குரூப் என்ற தனி அமைப்பாக இயங்குகிறது. பெயரைப் பதிந்துகொண்டால் பாடங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கேள்வி, அதைச் சுற்றிச் சில மூல ஆவணங்கள். விடையை ஆசிரியர் சொல்வதில்லை. மாணவர்கள் ஆவணங்களைப் படித்து வழக்காட வேண்டும்.

அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய ஊரான லெக்சிங்டனைப் பற்றிய பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. 1775 ஏப்ரல் 19 விடியற்காலையில் பிரிட்டிஷ் படைக்கும் ஊர்மக்களே ஆயுதம் ஏந்திய அமெரிக்கக் குடிப்படைக்கும் மோதல். குடிப்படையினர் 8 பேர் இறந்தார்கள். முதலில் சுட்டது யார்? ஒரு தாளில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் எழுதிய நாட்குறிப்பு. மறுதாளில் குடிப்படையினர் 34 பேர் ஆறு நாள் கழித்து நீதிபதிகள் முன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். இருவரும் எதிர்த்தரப்பையே கைகாட்டுகிறார்கள். சத்தியம் செய்து சொன்னதால் வாக்குமூலமே உண்மை என்று முதலில் பாதி வகுப்பு எழும். பிறகு ஒரு மாணவி கேட்பாள்: தனக்காக எழுதும் நாட்குறிப்பில் ஒருவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்? இன்னொருவன், 34 பேரும் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டிருப்பதே சந்தேகமாக இருக்கிறது என்பான். தன் வீரர்கள் உத்தரவு இல்லாமலே பாய்ந்து சுட்டார்கள் என்று அந்த அதிகாரி ஒப்புக்கொண்டிருப்பதை யாராவது கண்டுபிடிக்கும்போது வாதம் மறுபடியும் திரும்பும். முதல் குண்டு யாருடையது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அதைச் சொன்னால் பிள்ளைகள் ஏமாறுவதில்லை, இன்னும் தீவிரமாகிறார்கள்.

அமெரிக்கப் பழங்குடிச் சிறுமி போக்கஹொண்டாஸைப் பற்றிய பாடத்தில் எழுதியவர் ஒருவரே. தன்னைக் கொல்ல வந்தவர்களிடமிருந்து அந்தச் சிறுமி காப்பாற்றியதாக அங்கே குடியேறிய ஆங்கிலேயர் ஜான் ஸ்மித் 1624இல் எழுதினார். 1608இல் எழுதியதில் அந்தக் காட்சியே கிடையாது. ஏன்? ஒரு பாடவேளை முழுவதையும் இந்த ஒரு கேள்வி தாங்கும்.

இவற்றுக்கு முன் நடத்த அறிமுகப் பாடங்களும் உண்டு. உணவுக்கூடத்தில் நடந்த ஒரு சண்டையைப் பற்றிய முரண்பட்ட சாட்சியங்களைக் கொண்டு தலைமையாசிரியர் இடத்திலிருந்து தீர்ப்புச் சொல்லும் பாடம் அவற்றில் சிறந்தது. எழுதியவர் யார், எப்போது, எந்தச் சூழலில், மற்றச் சான்றுகளோடு பொருந்துகிறதா என்ற கேள்விகளெல்லாம் அங்கே தானாகவே முளைத்துவிடுகின்றன.

'இப்படி நடத்தினால் பாடத்தை எப்போது முடிப்பது, தேர்வுக்கு என்ன எழுதுவார்கள்?' என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். சான்ஃபிரான்சிஸ்கோ அரசுப் பள்ளிகளில் இந்தப் பாடங்களை வைத்து கல்வி ஆய்வாளர் அவிஷாக் ரைஸ்மன் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஆவணங்களோடு படித்த மாணவர்கள் சிந்தனையில் மட்டுமல்ல, தகவல்களை நினைவில் வைப்பதிலும் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் முந்தியிருந்தார்கள். இந்த முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சண்டை போட்டுப் படித்த தேதி மறக்காது.

குறைகளும் இருக்கின்றன. அமெரிக்க வரலாற்றுக்குத்தான் பெரும்பங்கு. உலக வரலாற்றுப் பகுதி அதைவிட மெலிந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆவணங்களைச் சுருக்கி எளிமைப்படுத்தித் தருகிறார்கள் என்றாலும் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்கு அதுவும் கடினமே. ஒரு பாடவேளையில் முடியும் என்ற கணக்கை நம்ப வேண்டாம். விவாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் மணி அடித்துவிடும். இணைப்புத் தாள்களில் கேள்விகள் அளவுக்கு மீறிப் போகின்றன. பிள்ளைகள் ஆவணத்தை விட்டுவிட்டுக் கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். நான் யார், எப்போது, எதற்காக என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுகிறேன்.

புதிதாக முயல்பவர்கள் லெக்சிங்டனில் தொடங்க வேண்டாம். உணவுக்கூடச் சண்டை முதலில், அடுத்து போக்கஹொண்டாஸ். தாள்களை ஒரே நேரத்தில் கொடுத்துவிடாமல் 1608ஆம் ஆண்டு எழுத்தை முதலில் கொடுத்து, வகுப்பு ஒரு முடிவுக்கு வந்த பிறகு 1624ஐக் கொடுங்கள்.