ஜெல்லும் பானகமும்: சென்னை வெயிலில் நெடுந்தூரம் ஓடுகிறவளின் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களுக்கு உப்புப் போட்ட பானகமே எனக்குப் போதும். முழு மாரத்தான் என்றால் முதல் பாதிக்குப் பானகம், இரண்டாம் பாதிக்கு ஜெல், அதாவது சிறு பொட்டலத்தில் வரும் கெட்டியான சர்க்கரைக் கூழ். சில வருடங்களாக இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறேன். ஈசிஆரின் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மே மாதப் புழுக்கம், டிசம்பர் குளிர், ஜனவரிப் போட்டிகள் எல்லாவற்றையும் இது பார்த்துவிட்டது. என் எடை 58 கிலோ, மாரத்தானுக்கு நாலரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். கீழே சொல்லும் அளவுகள் அந்த உடம்புக்கும் அந்த வேகத்துக்கும் உரியவை.

எதைச் சாப்பிடுவது என்ற பேச்சு எங்கள் ஓட்டக் குழுவில் எப்போதும் பிராண்டில்தான் தொடங்கும். நான் எவ்வளவு என்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. 42.195 கிலோமீட்டருக்கு எனக்கு 2,400-க்கு மேல். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து நன்றாகச் சாப்பிட்டவருக்கே 2,000 கிலோ கலோரி அளவில்தான் இருக்கும். கொழுப்பும் கூடவே எரியும் என்றாலும் அது மெதுவாக எரிகிற சரக்கு. அதனால்தான் 30, 32 கிலோமீட்டர் வாக்கில் கால் இருக்கும், ஓட்டம் இருக்காது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் கிடையாது. 1924 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, மிகவும் துவண்டு வந்தவர்களின் சர்க்கரை அளவு வெகுவாக இறங்கியிருந்தது. மறு வருடம் ஓட்டத்துக்கு முன் மாவுச்சத்தைக் கூட்டி, வழியில் மிட்டாய் சாப்பிடச் செய்தார்கள்; சர்க்கரையும் இறங்கவில்லை, ஆட்களும் தெம்பாக வந்து சேர்ந்தார்கள். நூறு வருடம் கழித்தும் நம்மில் பலர் வெறும் தண்ணீரை நம்பி 30 கிலோமீட்டர் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்றைய பரிந்துரை இது: ஒரு மணி நேரத்தைத் தாண்டி இரண்டரை மணி நேரம் வரையிலான ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் அடக்கம்), அதற்கும் மேலே போனால், வயிறு பழகியிருந்தால், 90 கிராம் வரை. குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் குடல் மணிக்கு 60 கிராம் அளவில் நின்றுவிடுகிறது, அதை உள்ளே கடத்தும் வாசல் அவ்வளவுதான். பிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்து கொடுத்தால் இரண்டு வழியாகவும் உள்ளே போகும். விலையுயர்ந்த ஜெல்களில் குளுக்கோஸும் பிரக்டோஸும் 1:0.8 என்று இப்போது அச்சிட்டு விற்பது இதற்காகத்தான்.

வெல்லம் இங்கேதான் வருகிறது. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ். சுக்ரோஸ் என்பதே ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் கைகோத்தது, அதாவது 1:1. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழிநெடுகப் பந்தல் போட்டுப் பானகம் கொடுக்கிறார்களே, நடந்து களைத்த உடம்புக்கு அது உடனே எடுபடுவதற்கு இதுவும் காரணம்.

ஆனால் பந்தல் பானகத்தை அப்படியே புட்டியில் ஊற்றிக்கொண்டு ஓட முடியாது. அது ரொம்ப இனிப்பு. ஓடும் வயிற்றில் தேங்கி நிற்கும். 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை இருந்தால்தான் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கும். நான் கலக்கும் அளவு: அரை லிட்டர் தண்ணீருக்கு நாட்டுச்சர்க்கரை 45 கிராம், கல்லுப்பு முக்கால் கிராம், அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. இதில் ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரையும் 300 மில்லிகிராம் சோடியமும் கிடைக்கும். மணிக்கு ஒரு புட்டி. ஏலக்காயை விட்டுவிட்டேன், ஓடும்போது அதன் வாசனை எனக்குத் திகட்டுகிறது. சுக்கு மட்டும் கட்டாயம் வேண்டும், கடைசி மணி நேரக் குமட்டலுக்கு அது எனக்கு நல்ல துணை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைக்கணக்கில் போட்டால் ஒரு நாள் பாயசமாக இருக்கும், மறுநாள் வெறும் தண்ணீராக இருக்கும்.

நீண்ட நாள் புழங்கியதில் தெரிந்தவை சில. கட்டி வெல்லத்தில் மண்ணும் நாரும் வரும், கொதிக்கவைத்து வடிகட்டியே தீர வேண்டும். நாட்டுச்சர்க்கரை கரைவதும் எளிது, எடை போடுவதும் எளிது. கருப்பட்டியின் ருசி வீட்டில் உட்கார்ந்து குடிக்க அருமை. இரண்டாம் மணி நேரத்தில் நாக்கு அதை ஏற்க மறுக்கிறது. எலுமிச்சையை முதல் நாள் இரவே பிழிந்தால் கசக்கும், கிளம்பும்போதுதான் பிழிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பானகம் நுரைக்கும். வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் மென்புட்டி உப்பிக்கொள்ளும், புளித்த வாடை வரும். ஒரு புட்டியைப் பாதி உறையவைத்து எடுத்துப் போவேன். முதல் புட்டி தீரும்போது இது கரைந்து குளிர்ச்சியாக இருக்கும். வீடு திரும்பியதும் புட்டியின் வாய்ப்பகுதியைக் கழற்றிச் சுடுநீரில் கழுவாவிட்டால் கறுப்பாகப் பூஞ்சை படியும். இடுப்பு பெல்ட்டை அப்படியே மாடியில் போட்டால் எறும்பு மொய்க்கும். பல்லையும் மறக்கக் கூடாது: இனிப்பும் புளிப்புமாக மூன்று மணி நேரம் வாயில் ஊறுவது பற்சிப்பிக்கு நல்லதல்ல என்று என் பல் மருத்துவர் சொன்ன பிறகு, ஒவ்வொரு மடக்குக்கும் பின் ஒரு வாய் வெறும் தண்ணீர் கொப்பளிக்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு மாரத்தானின் பிற்பாதிக்கு ஏன் ஜெல்? சுமைதான் முதல் காரணம். நாலரை மணி நேரத்துக்கு மணிக்கு 45 கிராம் என்றால் 200 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து புட்டி பானகம், இரண்டரை கிலோ. அதை யாரும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட மாட்டார்கள். சாதாரண ஜெல் ஒன்று 40 கிராம் போலத்தான் இருக்கும், உள்ளே 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து. 28-ஆவது கிலோமீட்டரில் அளவு பார்க்கிற புத்தி யாருக்கும் இருக்காது; அரை மணிக்கு ஒன்று என்று கிழித்து விழுங்கிவிடலாம். தயாரிப்புகளுக்குள் நான் உணர்ந்த வித்தியாசம் பெரும்பாலும் குழகுழப்பில்தான். தண்ணீர் சேர்த்து இளக்கமாகச் செய்தவை சுலபமாக இறங்கும், ஆனால் பொட்டலம் பெரிது. சர்க்கரையை ஜெல்லிபோல உறையவைத்த ஹைட்ரோஜெல் வகை அவ்வளவாகத் தித்திக்காது, கட்டியாக வழுக்கிக்கொண்டு போகும். விலைதான் கையைக் கடிக்கும். இந்தியத் தயாரிப்புகள் என் வயிற்றுக்கு இறக்குமதிச் சரக்கைவிடக் குறைவாக வேலை செய்ததாகச் சொல்ல மாட்டேன். பயிற்சிக்கெல்லாம் ஜெல் வாங்கினால் மாதச் செலவு ஷூவின் விலையை எட்டிவிடும். அதனால் போட்டிக்கும், போட்டிக்கு முந்தைய நீண்ட ஓட்டங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஜெல்லைப் பானகத்தோடோ வேறு இனிப்பு பானத்தோடோ சேர்த்துக் குடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் சர்க்கரை கெட்டியாகி, உடம்பிலிருந்து தண்ணீரை அங்கே இழுக்கும். பிறகு வயிற்றுப் பிடிப்பும் கழிப்பறை தேடலும்தான். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர், ஒன்றரை டம்ளராவது.

"இளநீர் போதாதா அக்கா?" என்று குழுவில் புதிதாகச் சேருகிற தம்பி தங்கைகள் கேட்பார்கள். ஓடி முடித்த பிறகு இளநீரைப் போல் இதமானது எனக்கு வேறில்லை. ஓடும்போது அது மட்டும் போதாது. இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். சர்க்கரையும் அதில் குறைவு. பேரீச்சம்பழம் நல்ல எரிபொருள்தான், ஆனால் வறண்ட வாயில் மென்றுகொண்டே மூச்சு வாங்குவது சிரமம், நார்ச்சத்தும் உண்டு. கடலை மிட்டாயை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கோவில்பட்டியிலிருந்து வந்தால் இன்னும் பிடிக்கும். கடலையின் கொழுப்பு செரிக்க நேரமெடுக்கும் என்பதால் மாரத்தான் வேகத்துக்கு ஒத்துவராது. மலைப்பாதையில் நடையும் ஓட்டமுமாக ஆறேழு மணி நேரம் போகிறவர்களுக்கு அதுவும், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கும் பொருந்தும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மருந்துக்கடை ஓஆர்எஸ் கரைசல் வேறு வேலைக்கானது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான்; உப்பும் நீரும் ஈடாகும், ஓடத் தெம்பு வராது.

உப்பும் தண்ணீரும் நம் கடற்கரைக் காற்றில் தனிக் கணக்கு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு நடுவில் குடித்ததையும் கூட்டினால் அதுதான் வியர்வை. எனக்கு டிசம்பரில் மணிக்கு முக்கால் லிட்டர், மே மாதம் ஒன்றேகால் லிட்டர். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் சோடியம் சில நூறு மில்லிகிராமிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். கறுப்பு டீஷர்ட்டில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் உப்பைக் கூட்டலாம். போன தண்ணீரையெல்லாம் திரும்ப ஊற்றிவிட வேண்டும் என்று நினைப்பதுதான் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலர் தேவைக்கு மேல் குடித்து, ஓடிய பிறகு எடை கூடி வந்தவர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் அபாயம் அதிகம். மணிக்கு அரை லிட்டர் முதல் 600 மில்லி வரை, தாகத்தை அனுசரித்து. அதற்கு மேல் எத்தனை பேர் கோப்பையை நீட்டினாலும் நான் தலையில்தான் ஊற்றிக்கொள்கிறேன்.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் சோற்றைக் கண்டு பயப்படக் கூடாது. கிலோவுக்கு 10 கிராம் மாவுச்சத்து என்பது எனக்கு நாளொன்றுக்கு 580 கிராம். சோறாக மட்டும் சாப்பிட்டால் இரண்டு கிலோ, நடக்காத காரியம். இட்லி, இடியாப்பம், வாழைப்பழம், பழச்சாறு, ஜவ்வரிசிக் கஞ்சி என்று பிரித்துக்கொள்கிறேன். கீரை, சுண்டல், நெய் மிதக்கும் பொங்கல் ஆகியவற்றுக்கு அந்த இரண்டு நாள் விடுமுறை. எடை ஒன்றரைக் கிலோ ஏறும். ஒரு கிராம் கிளைக்கோஜன் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அந்த எடைதான் அது. கென்ய ஓட்டக்காரர்களின் சாப்பாட்டை ஆராய்ந்தவர்கள், அவர்களுடைய ஆற்றலில் முக்கால் பங்கு மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் கண்டார்கள். உகாலி களியும் சர்க்கரை போட்ட பால் டீயும்தான் அவர்களுக்கு அன்றாடம். அரிசி சாப்பிடுகிற நாம் சோற்றைக் குறைத்துக்கொண்டு மாரத்தானுக்குப் போவது எனக்கு ஆறாத ஆதங்கம்.

விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கும் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடச் சொல்கிற அறிவுரை நமக்குப் பொருந்தாது. "வெறும் வயித்தோட ஓடாதேடி, ரெண்டு இட்லியாவது வாயில போட்டுட்டுப் போ" என்று அம்மா சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்தது. இட்லி மெத்தென்றிருக்கும், எண்ணெய் கிடையாது, நாரும் குறைவு. சாம்பாருக்குப் பதில் சர்க்கரை தொட்டுக்கொள்கிறேன். கூடவே பால் சேர்க்காத டிகாக்‌ஷன் அரை டம்ளர். காபியின் காஃபின் இரத்தத்தில் உச்சத்துக்கு வர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரமாகும், அந்தக் கணக்கில் குடித்தால் உதவும்.

இந்த அளவுகளை நேரே போட்டியன்று முயன்றால் வயிறு கலகம் செய்யும். மணிக்கு 20 கிராமில் தொடங்கி, வாரா வாரம் நீண்ட ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். சர்க்கரையைக் கடத்தும் குடல் வாசல்களே பழக்கத்தால் பெருகுகின்றன. எனக்கு 45 கிராம் சாதாரணமாக ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் போல ஆனது.

ஓடி வந்ததும் நீர்மோர், அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் முட்டையும். பெண்களுக்கு ஒரு தனி வார்த்தை: தூரம் கூடும்போது வருடத்துக்கு ஒரு முறையாவது ஹீமோகுளோபினோடு பெரிட்டினையும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் இரத்த அளவு) பார்த்துவிடுங்கள். மாதவிடாயிலும் வியர்வையிலும் இரும்புச்சத்து போகிறது, கால் தரையில் மோதும்போது சிவப்பணுக்களும் கொஞ்சம் உடைகின்றன. எத்தனை பானகம் குடித்தும் தீராத அலுப்பு எனக்கு ஒரு சமயம் இருந்தது, காரணம் பெரிட்டின் குறைவுதான். மருத்துவர் தந்த மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தேன், சாப்பாட்டோடு காபி குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டேன். சில மாதங்களில் தெம்பு திரும்பியது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் நான் சொன்ன சர்க்கரை, உப்பு அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.