பிவிசியா, நியோப்ரீனா, மூச்சுவிடும் துணியா: கொழும்புத் தண்ணீருக்கு எந்த வேடர்ஸ்?

வேடர்ஸ் என்பது பாதத்திலிருந்து தொடைவரையோ நெஞ்சுவரையோ வரும், தண்ணீர் புகாத உடை. நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கித் தூண்டில் போடுவதற்கான வேடர்ஸைப் பற்றிக் கிடைக்கிற அறிவுரை முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர் சொன்னது. பத்துப் பாகையில் ஓடும் ஆற்றில் கால் விறைக்காமல் நிற்பதுதான் அவர்களுக்கு முதற்கவலை. கொழும்புக் கடல் வருடம் முழுக்க 27 முதல் 30 பாகை செல்சியஸ். இங்கே யாருக்கும் கால் விறைக்கப் போவதில்லை. அப்படியானால் இந்தச் சாமான் நமக்கு எதற்கு?

அழுக்குக்கு. களனி ஆறு கடலோடு சேரும் முகத்துவாரம், பொல்கொட ஏரியின் புல் மண்டிய ஓரங்கள், தியவன்னா ஓயாப் பக்கம் என்று நாம் போகிற இடமெல்லாம் நகரத்துக் கான்களும் வந்து விழுகிற இடம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவோ நீண்ட நேரம் ஊறிய தோல் வழியாகவோ உள்ளே போனால் எலிக்காய்ச்சல். 2008-ல் இந்த நாட்டில் ஏழாயிரத்துக்கும் அதிகமானோருக்கு அது வந்திருக்கலாம் என்று பதிவானது. வயலில் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்கிறார்கள்; தூண்டில்காரரை யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை. அடுத்தது வெட்டுக்காயம். மட்டி ஓடு, போத்தல் துண்டு, யாரோ அறுத்துவிட்டுப் போன தூண்டில் முள். ஆகவே சூட்டைக் காக்கும் வேடர்ஸைத் தேடிப் பயனில்லை. பஸ்ஸில் தூக்கிப் போகக்கூடிய, கீறலைத் தாங்குகிற, இந்த ஈரக்காற்றிலும் காய்கிற ஒன்றுதான் வேண்டும்.

மலிவானது பிவிசி. மெல்லிய நைலோன் துணிக்குப் பிவிசி பூசி, கீழே அதே சாமானில் பூட்ஸை ஒட்டி வைத்திருப்பார்கள். கான் துப்புரவு செய்கிறவர்களும் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் போடுவது இதைத்தான். புறக்கோட்டையில் ஒரு கடைக்கார நானா என்னிடம் நேராகவே சொன்னார்: "தம்பி, இது வேலைக்கு எடுக்கிற சாமான். மீன் பிடிக்கப் போறவங்க வந்து கேட்டா நான் முழங்காலைத்தான் பார்க்கச் சொல்லுவேன்." சொன்னது சரி. தொடைகள் சேரும் இடத்திலும் முழங்காலின் பின்புறத்திலும் பொருத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உட்புறம் திருப்பி, பொருத்தின் ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினால் நல்ல பொருத்து அசையாது. மட்டமானதில் ஓரம் தாள் போலக் கிளம்பி வரும். முதலில் ஒழுகப் போவது அந்த இடம்தான்.

பெட்டியில் 70, 210, 420 என்று டெனியர் எண் போட்டிருக்கும். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏற நூல் தடிக்கும், கிழிசலைத் தாங்கும், பாரமும் கூடும். ஆனால் அது நூலின் கணக்கு மட்டும். பூச்சின் தடிப்பைப் பற்றியோ பொருத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. 420 டெனியர் துணியில் மோசமான பொருத்து இருந்தால், 70 டெனியரில் நல்ல பொருத்து உள்ளதுதான் அதிக நாள் உழைக்கும்.

பிவிசியின் பெரிய குறை வியர்வை. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியே கிடையாது. காலை ஆறரைக்கு இறங்கி எட்டரைக்கு ஏறுகிறவர் சமாளிப்பார். பத்து மணி வெயிலில் நிற்கிறவர், ஏரியில் நேராக இறங்கியிருந்தால் நனைந்திருக்கக்கூடிய அளவுக்கு வியர்வையில் நனைந்திருப்பார். ஆனாலும் அது சொந்த வியர்வைதானே, கான் தண்ணீர் இல்லையே. ஓட்டை விழுந்தால் காற்றடைக்கும் படகுக்குப் போடுகிற, இளகிய பிவிசிக்கான பசையும் ஒரு துண்டும் போதும். குழாய் ஒட்டுகிற பசை வேண்டாம். அது காய்ந்து விறைத்து, மடிகிற இடத்தில் வெடித்துவிடும்.

நியோப்ரீனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றரை, ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் வரும் அந்த நுரைறப்பர் குளிர்காலத்தில் வாத்துச் சுடுகிறவர்களுக்கானது. உறுதியானது, முள்ளுக்கும் பற்றைக்கும் அஞ்சாது, மிதக்கவும் செய்யும். எல்லாம் உண்மை. அதைப் போட்டுக்கொண்டு ஏப்ரல் மாதத்து மொரட்டுவையில் கரையோரம் நூறு மீற்றர் நடந்து பாருங்கள். யாராவது பாதி விலைக்குத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

இனி எல்லாரும் ஆசைப்படுகிற வகை, மூச்சுவிடும் துணி. நைலோன் அல்லது பொலியெஸ்டர் அடுக்குகளுக்கு நடுவே ஒரு சவ்வு. தண்ணீர்த் துளி உள்ளே வராது, நீராவி வெளியே போகும். சிம்ஸ், பட்டகோனியா போன்ற நிறுவனங்களின் மேல்வகைகள் 500 டொலரைத் தாண்டும். அனுப்பும் செலவும் சுங்க வரியும் தனி. இலகு என்றால் இதுதான் இலகு. கீழே பூட்ஸுக்குப் பதிலாகத் தண்ணீர் புகாத காலுறை வைத்த வகை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும், சுருட்டினால் தோள்பைக்குள் அடங்கிவிடும்.

இங்கேதான் கொழும்புக்காரர் நின்று யோசிக்க வேண்டும். துணி தானாக மூச்சு விடுவதில்லை. உள்ளே நீராவி அழுத்தம் கூடவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஈரம் வெளியேறும். தோலின் சூடு ஏறத்தாழ 34 பாகை, ஏரித் தண்ணீர் 29 பாகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சொற்பம். மேலே காற்றும் ஈரம் ஊறிய காற்று. நுவரெலியா ஓடையில் 15 பாகைத் தண்ணீரில் நிற்கும்போது ஈரத்தை வெளியே தள்ளுகிற விசை எவ்வளவோ, பொல்கொடவில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அத்தனை காசு கொடுத்து வாங்கிய குணம் இங்கே அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. பிவிசியைவிடச் சுகம் என்பதை மறுக்கவில்லை. விலை வித்தியாசத்துக்கு ஏற்ற சுகமா என்றால், கொழும்பில் இல்லை.

மலைக்குப் போகிறவர் கதை வேறு. 1880கள் தொட்டு வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனின் வம்சம் மத்திய மலைநாட்டின் குளிர் ஓடைகளில் வளர்ந்தது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். விடியற்காலையில் பத்துப் பாகைக்கும் கீழே போகும். அனுமதி எடுத்து அந்தப் பக்கத்து நீரில் இறங்குகிறவருக்கு, கோட்டையில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கும்வரை பையில் பாரமே தெரியாத மூச்சுவிடும் வேடர்ஸ் கொடுத்த காசுக்கு உழைக்கும். வாங்கினால் தொடைக்குக் கீழே கூடுதல் அடுக்கு உள்ளதாக வாங்குங்கள். கல்லில் முட்டி ஊன்றுவது அந்த இடம். ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் சுலபம். உட்புறம் திருப்பிக் காயம் துடைக்கிற ஸ்பிரிட்டைத் தடவினால், பல துணிகளில் ஓட்டை உள்ள இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதில் ஒரு சொட்டு யூரித்தேன் பசை வைத்து ஒரு இரவு காயவிட்டால் முடிந்தது.

இலகு என்று பெட்டியில் போட்டிருக்கும் எடையை அப்படியே நம்பவும் வேண்டாம். காலுறை வகைக்குத் தனியாகச் சப்பாத்து வாங்க வேண்டும். அது ஒரு சோடி ஒரு கிலோவைத் தாண்டும். இரண்டையும் கூட்டினால் பூட்ஸ் ஒட்டிய மெல்லிய பிவிசியின் எடைக்குக் கிட்ட வந்துவிடும். மணலும் ஒரு தொல்லை. சப்பாத்துக்கும் காலுறைக்கும் நடுவே புகுந்து உரசி உரசிக் காலுறையைத் தின்றுவிடும். சேற்றில் பூட்ஸ் வகைக்கு வேறு தொல்லை. அளவு கொஞ்சம் தளர்வாக இருந்தால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் கால் மட்டும் மேலே வரும்.

நெஞ்சுவரை வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். நீர்கொழும்புக் களப்பின் சராசரி ஆழம் ஒரு மீற்றரும் இல்லை. அங்கே மணலை, கொடுவா மீன்களைத் தேடிப் போகிறவருக்குத் தொடைவரை வரும் வகை தாராளம். பாதி எடை, பாதிச் சூடு, இடுப்புப் பட்டியில் கொளுவினால் வேலை முடிந்தது. அடி வைக்கும்போது காலைத் தூக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்துப் போங்கள். திருக்கை விலகிப் போய்விடும். அதன் முள்ளை இங்கே சொன்ன எந்தத் துணியும் தடுக்காது.

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பாறைகளுக்கு என் பதில் ஒன்றுதான்: வேடர்ஸே வேண்டாம். சட்டென்று காயும் நீளக் காற்சட்டையும், தண்ணீர் வடியும் தடித்த அடிச் சப்பாத்தும் போதும். அலை அடிக்கிற இடத்தில் நெஞ்சுவரை பை கட்டிக்கொண்டு நிற்பது புத்தியான வேலை அல்ல, அதுவும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில். உள்ளே புகுந்த தண்ணீர் ஆளைக் கீழே இழுக்கும் என்பார்கள். அது சரியல்ல, தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரமில்லை. ஆனால் நீந்த விடாது. பாறையில் ஏறும்போது அத்தனை லீற்றரும் காலில் தொங்கும். ஏரியிலும் ஆற்றிலும்கூட இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டாமல் இறங்கக்கூடாது. பொல்கொடப் பக்கம் முதலையும் உண்டு. அதற்கு எந்த நிறுவனமும் வேடர்ஸ் தைக்கவில்லை.

எனவே, கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய் வரும் ஒருவர் ஒரேயொரு சோடி வாங்குவதானால், மெல்லிய நைலோன் மேல் பிவிசி பூசியது, பூட்ஸ் ஒட்டியது, களப்புக்கென்றால் தொடைவரை, ஆற்றோரத்துக்கும் ஏரிக்கும் நெஞ்சுவரை. மூச்சுவிடும் வகைக்கு வைத்திருக்கும் காசை மலைநாட்டுப் பயணம் உறுதியாகும்வரை அப்படியே வைத்திருங்கள்.

எதை வாங்கினாலும் அதைக் கொல்லப் போவது பெரும்பாலும் உங்கள் வீடுதான். ஃபிளாட்டின் பின்கட்டில் ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளில் பூஞ்சணம். யூரித்தேன் பூச்சுள்ள துணி சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் மெல்ல மெல்லப் பிசுபிசுத்து உரிந்து வரும். பிவிசி கடும் வெயிலில் தொங்கினால் விறைத்து மடிப்பில் வெடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, உட்புறம் திருப்பி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, மடிக்காமல் தொங்கவிடுங்கள். பூட்ஸுக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்தால் கால்பக்க ஈரம் சீக்கிரம் போகும்.

அளவைக் கடையிலேயே பாருங்கள். மேலைநாட்டு அளவுகள் நம் ஆட்களுக்கு இடுப்பில் அகலமாகவும் காலில் நீளமாகவும் வரும். மிச்சத் துணி முழங்காலில் மடிந்து, அந்த மடிப்பு உரசி ஓட்டையாகும். போட்டுக்கொண்டு நன்றாகக் குந்துங்கள், பிறகு ஒரு காலைக் கதிரைமேல் தூக்கி வையுங்கள். தொடையிடையில் இழுத்தால் ஓரளவு பெரியதைக் கேளுங்கள், முழங்காலில் மடிந்தால் நீளம் குறைந்த வகை இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.